மாவு ரப்பர்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று எடுத்த ஷீட் மடித்தால் வெடிக்கவில்லை. நான்காக மடித்து அதன்மேல் நானே ஏறி நின்று பார்த்தேன். பிரித்தபோது மடிப்புக்கோடு மெல்ல மறைந்துபோனது. பிரைட்சன் சார் அதை வாங்கி மூக்கருகே வைத்து முகர்ந்தார். "பிண்ணாக்கு மணமே இல்ல, பாத்தீங்களா மேடம்" என்றார். எனக்கு மூக்கு அடைத்திருந்தது. மணம் இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

கல்லூரி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தது இதற்காகத்தான். குலசேகரத்துக்கு மேலே, பிரைட்சன் சாரின் அப்பா விட்டுப்போன ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் எங்கள் கம்பெனி. ரப்பர் பாலில், கடலைப் பிண்ணாக்கிலிருந்து பிரித்தெடுத்த புரதப் பொடியைக் கலக்கிறோம். நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, வேகவைக்கிறோம். செருப்புக்கு உள்மெத்தை ஆகும், பைக்கு மேல்தோல் ஆகும். பிளாஸ்டிக் செய்கிற வேலையைச் செய்துவிட்டு, கடைசியில் மண்ணில் மக்கிப்போகும். இதற்கு நான் வைத்த பெயர் ரொம்ப நீளம். வேலைக்கு வரும் பெண்கள் மாவு ரப்பர் என்கிறார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

எல்லாருக்கும் லட்டு. ரோஸ்லெட்டுக்கு நானே தேய்ப்பு அறைக்குக் கொண்டுபோனேன். வெந்த ஷீட்டின் மேல்பரப்பை எந்திரத்தில் உரசி மென்மையாக்குவது அவள் வேலை. புருவம், தலைத்துண்டு, எல்லாம் வெள்ளைத் தூள். லட்டை வாயில் போட்டதும் இருமல் வந்து பாதி வெளியே சிதறியது.

"சளியா?"

"காஞ்ச சளியாக்கும். அது கெடக்கட்டு. உனக்க ஷீட்டு ஜெயிச்சிட்டில்லா?"

பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவள். கம்பெனியில் என்னை மேடம் என்று கூப்பிடாத ஒரே ஆள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கிணற்று மோட்டார் மறுபடியும் ஓடவில்லை. மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டானாம். நானும் என் வீட்டுக்காரர் எட்வினும் வாளியில் இறைத்தோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவைக்கிற உடற்பயிற்சி வாத்தியார், நாலு வாளிக்கு மேல் முடியவில்லை என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கும் மூச்சு வாங்கியது. வயசு ஆகிறது.

சந்தையில் வாங்கிய மட்டி வாழைப்பழம் தின்றதும் உதடு அரித்தது. நாக்கு தடித்த மாதிரி இருந்தது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்திருப்பார்கள். எட்வின் அதே சீப்பில் பாதியைத் தின்றார். அவருக்கு எதுவும் ஒன்றும் செய்யாது.

ஆகஸ்ட் 13, புதன்

கையெல்லாம் அரிப்பு. சோப்பை மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அடுத்த மாதம் ஜெர்மனியிலிருந்து ஒரு செருப்புக் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். ரப்பர் சாமான் செய்கிறவர்கள் எல்லாரும் வெந்நீரில் அலசுகிறார்களே, நாம் ஏன் அலசவில்லை என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று பிரைட்சன் சாருக்குக் கவலை.

நான் முன்பே அலசிப் பார்த்துவிட்டேன். ரப்பர் பாலுக்கென்று சொந்தமாகக் கொஞ்சம் புரதம் உண்டு. அலசினால் அது போகும். ஆனால் நாம் சேர்த்த கடலைப் புரதமும் கூடவே போய்விடும். காய்ந்தபிறகு ஷீட் அப்பளம் மாதிரி நொறுங்கும். அலசாமலே நிற்கிற ஷீட், அதுதான் என் கண்டுபிடிப்பு. வேறெதுவும் இல்லை.

"அப்பம் தண்ணி மிச்சம்னு சொல்லிருவோம்" என்றார்.

"சொல்லுங்க சார். உண்மைதானே."

ரப்பரின் சொந்தப் புரதம் சிலருக்கு ஆகாது என்று படித்திருக்கிறேன். அது கையுறை செய்கிறவர்களின் கவலை. நம்முடையது செருப்புக்குள் கிடக்கப்போகிறது.

ஆகஸ்ட் 27, புதன்

தேய்ப்பு அறையில் ரோஸ்லெட் சுவரில் கையை ஊன்றிக் குனிந்து நின்றாள். எந்திரத்தை நிறுத்திய பிறகும் சத்தம் கேட்டது. அவள் நெஞ்சிலிருந்து வருகிற சத்தம்.

வெளியே கூட்டிவந்து மரத்தடியில் உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது.

"ஞாயித்துக்கிழம நல்லா இருக்கும் கிளாடி. ஒரு இருமல் வராது. திங்களாழ்ச்ச இஞ்ச வந்தா பிடிச்சுக்கிடும்."

"திங்கக்கிழமை யாருக்குத்தான் பிடிக்கும்" என்றேன். சிரித்தாள்.

நல்ல முகமூடியாக வாங்கச் சொல்லவேண்டும். அவளுக்கு உதவிக்கு நிற்கிற அபிஷாவுக்கும் கண் சிவந்திருந்தது. புதிதாகக் கல்யாணம் ஆன பெண். ராத்திரி எல்லாம் போனில் படம் பார்ப்பாளாக இருக்கும்.

செப்டம்பர் 3, புதன்

வந்தார்கள். ஒரு ஆணும் ஒரு பெண்ணும். ஷீட்டைக் கையில் எடுத்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறியதைப் பார்த்தேன். நான் முதன்முதலில் தொட்டபோது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். தோலும் இல்லை, ரப்பரும் இல்லை, குளிர்ந்த தோசைமாவைத் துணியால் மூடித் தொட்டதுபோல.

தோட்டத்து மூலையில் புதைத்துவைத்ததைத் தோண்டிக் காட்டினோம். பாதி மண்ணாகிவிட்டது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பிடும்போது அந்தப் பெண் கேட்டாள்: வேலை செய்கிறவர்களுக்கு மூச்சுத் தொந்தரவோ தோல் தொந்தரவோ உண்டா? பிரைட்சன் சார் என்னைப் பார்த்தார். இல்லை என்றேன்.

காலையிலேயே இருமல் மருந்து குடித்திருந்தேன். விருந்தாளிகள் முன்னால் இருமிக்கொண்டு நிற்பது நன்றாக இருக்காது. ரோஸ்லெட்டுக்கு ஒருநாள் லீவு கொடுத்திருந்தேன். அடிவயிறு வலிக்கிறது, ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள், பாவம். அபிஷாவைப் பொட்டலம் கட்டுகிற பக்கம் மாற்றிவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

மருந்துக்கடையில் கேட்டு இழுப்பு மருந்து வாங்கினேன். இரண்டு இழுப்பில் நெஞ்சு திறந்துவிட்டது. காற்றில் ஈரம் அதிகம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ரோஸ்லெட்டுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. நாளை ஆபரேஷன். நாகர்கோவிலில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஹார்லிக்ஸும் பழமும் வாங்கிக்கொண்டு போனேன். அவள் வீட்டுக்காரர் சிகாமணி அண்ணன் ரப்பர் மரத்துப் பால்வெட்டை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். சட்டையில் ரப்பர் பால் காய்ந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது.

பழத்தை அவர் பக்கம் தள்ளினாள். "நீங்க தின்னுங்க. எனக்கு இப்பம் மட்டி தின்னா நாக்கு தடிக்கு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள். பெயர், வயது, முன்னால் ஆபரேஷன் ஆனதுண்டா என்று வரிசையாகக் கேட்டாள். "எதுவும் அலர்ஜி உண்டாம்மா? மருந்து, சாப்பாடு?"

"ஒண்ணும் கிடையாது மக்களே. நான் கல்லையும் தின்னுவேன்."

நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கிளம்பும்போது ரோஸ்லெட் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பயமா என்றேன். இல்லை, தேய்ப்பு எந்திரத்தில் வேறு யாரையும் நிரந்தரமாகப் போட்டுவிடாதே என்றாள்.

செப்டம்பர் 22, திங்கள்

எழுத முடியவில்லை. ரோஸ்லெட் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை.

நேற்று நடந்தது இது. சிகாமணி அண்ணன் சொன்னது. வயிற்றைத் திறந்து டாக்டர்கள் கையை உள்ளே வைத்த கொஞ்ச நேரத்தில் ரத்த அழுத்தம் அப்படியே விழுந்துவிட்டது. உடம்பெல்லாம் தடித்து, மூச்சுக்குழல் அடைத்துக்கொண்டது. கட்டியை எடுக்காமலே வயிற்றைத் தைத்து மூடிவிட்டார்கள். எப்படியோ உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். மயக்க மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்னாராம்.

"மருந்துதான் ஏதோ தப்பாப் போச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

இன்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. கம்பெனி முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு கையுறையை முன்பே எடுத்துவந்திருந்தேன், டாக்டர்கள் போடுகிற வகை. ஒரு விரலை மட்டும் வெட்டி எடுத்து, உள்ளே தண்ணீரால் நனைத்து, என் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டேன். சாம்பாருக்கு வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன். உரித்து முடிக்கவில்லை. விரல் கொதித்தது. கழற்றியபோது மணிக்கட்டுவரை திட்டுத்திட்டாகத் தடித்திருந்தது. மூச்சில் விசில் சத்தம். இழுப்பு மருந்து எங்கே வைத்தேன் என்று ஞாபகம் வராமல் வீடெல்லாம் ஓடினேன்.

அப்புறம் தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சாம்பார் வைத்தேன்.

எட்வின் வந்து விரலுக்கு என்ன என்று கேட்டார். சாம்பார் ஆவி அடித்துவிட்டது என்றேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

ரோஸ்லெட் கண் விழித்துப் பேசுகிறாளாம். சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

பிரைட்சன் சாரிடம் சொல்லிவிட்டேன். அலுவலக அறைக் கதவைச் சாத்திவிட்டு, "சார், ரோஸ்லெட்டுக்கு வந்தது மயக்க மருந்தால இல்ல. டாக்டர்கள் போட்ட கையுறை. ரப்பர்தான் அவளுக்கு ஆகாமப் போச்சு. நம்ம தேய்ப்புத் தூளை மூச்சில இழுத்து இழுத்து வந்தது" என்றேன். சுண்டுவிரலையும் காட்டினேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். கோபப்படவில்லை. 

"எனக்கும் அப்பிடி ஒரு தோணல் இருந்துது மேடம். அந்தம்மா கேட்டப்பம் நீங்க இல்லன்னு சொன்னீங்க. சரி, படிச்சவங்க, இவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்னு விட்டுட்டேன்."



"ஆர்டர் ஒறப்பாவட்டு" என்றார். "ஒரே ஒரு மாசம். அது கையில வந்தா தேய்ப்பு ரூமுக்குத் தூளை உறிஞ்சுத மெஷின் வைக்கலாம். எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கலாம். நான் எடுப்பேன், எனக்க பிள்ளைய மேல சத்தியம். இப்பம் சொன்னா இந்தக் கொட்டக நாளைக்கே பூட்டும். இதுல வேலை செய்யுத பெண்ணுவ பொறவு எங்க போவும்? ரோஸ்லெட்டு பொழச்சாச்சு. ஒரு மாசத்துல புதுசா என்ன வந்துரப் போவுது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ரோஸ்லெட் எப்படியும் ஓய்வில்தான் இருப்பாள். அபிஷாவும் தேய்ப்பு அறையில் இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றியாயிற்று. தண்ணீர் ஏறுகிறது.

அக்டோபர் 6, திங்கள்

ரோஸ்லெட் வீட்டுக்கு வந்துவிட்டாள். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பாதியாக இளைத்திருக்கிறாள். கட்டி உள்ளேயே இருப்பதால் ரத்தப்போக்கு நிற்கவில்லை. உதடெல்லாம் வெளுத்துவிட்டது. ஆனால் இருமல் அறவே இல்லை. தூக்கத்தில்கூட இல்லை என்றாள் சந்தோஷமாக.

சிகாமணி அண்ணன் சொன்னார்: "வர்ற புதனாழ்ச்ச கழிஞ்சு அடுத்த புதனுக்குத் திருவனந்தபுரத்துல பெரிய ஆஸ்பத்திரில டேட்டு தந்திருக்கு. அங்க வேற மயக்க மருந்தாக்கும் குடுப்பாங்க. எல்லாம் பேசியாச்சு."

வேற மயக்க மருந்து. அதே கையுறை.

ரோஸ்லெட் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டாள், "நான் எப்பம் வேலைக்கு வரட்டு கிளாடி?"

முதலில் உடம்பு தேறட்டும் என்றேன். காபி குடித்தேன். வந்துவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மழை. துணி காயவில்லை.

அக்டோபர் 8, புதன்

மழை.

அக்டோபர் 9, வியாழன்

ஆர்டர் வந்துவிட்டது. முதல் சரக்கு டிசம்பரில் கப்பல் ஏறவேண்டும். பிரைட்சன் சார் எல்லாருக்கும் பிரியாணி வரவழைத்தார். பெண்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்து சிரித்தார்கள். அபிஷா என்னிடம் வந்து காதோடு சொன்னாள், ஐந்தாவது மாதமாம். கம்பெனியில் முதலில் எனக்குத்தான் சொல்கிறாளாம்.

"பிரசவத்துக்கு லீவு தருவீங்களா மேடம்?"

அவள் கண்ணின் கீழ் இமை இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. பொட்டலம் கட்டுகிற இடத்துக்கும் தூள் பறந்து வருகிறது, என்ன செய்தாலும் வருகிறது. ஆஸ்பத்திரியில் அவளையும் கையுறை போட்ட கைதான் தொடும்.



அக்டோபர் 11, சனி

நாகர்கோவிலில் நெஞ்சு மருத்துவர் சுலைகாவைப் பார்த்தேன். தனியாகப் போனேன். வேறு ஏதாவது காரணம் சொல்வார் என்ற நம்பிக்கை. ஆஸ்துமா, தூசி, ஏதாவது.

என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். மேற்கொண்டு கேட்டுக்கொண்டே போனார். ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும்? வாழைப்பழம் ஒத்துக்கொள்கிறதா? முந்தானைக்குள் மறைத்துவைத்திருந்த, சொறிந்து தடித்த கையைத் தானே எடுத்துப் பார்த்தார். அலர்ஜி என்று நானாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ரப்பர் அலர்ஜிதான். அது இருக்கிற பலருக்கு வாழைப்பழமும் ஆகாது. ரத்தப் பரிசோதனை உறுதிப்படுத்தும். ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல" என்றார். "இனி பல் டாக்டர்கிட்டப் போனாலும் முதல்ல சொல்லணும். ரப்பர் இல்லாத கையுறை வேணும்னு. ஆபரேஷன்னா ரொம்ப முக்கியம். உயிரே போயிடும். உங்க கூட வேலை செய்யறவங்களுக்கு யாருக்காவது இப்படி இருக்கா?"

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் மேசையிலிருந்த தண்ணீரை நகர்த்திவைத்துவிட்டு, வெளியே காத்திருப்பவர்களைப் பற்றி அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு

எட்வினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ சொல்லலன்னா நான் போய்ச் சொல்லுவேன்" என்றார். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவர் அப்படிப் பேசியதில்லை.

சர்ச் ஆராதனைக்குப் போகாமல் ரோஸ்லெட் வீட்டுக்குப் போனேன். அவள் அடுக்களையில் முக்காலி போட்டு உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சிகாமணி அண்ணன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. மயக்க மருந்து இல்லை, கையுறை. கையுறையைச் சொல்லாமல் புதன்கிழமை மேசையில் படுக்கக் கூடாது. டாக்டர் சுலைகா தந்த சீட்டு இது, அதைத் திருவனந்தபுரத்தில் முதலிலேயே காட்டவேண்டும்.

சிகாமணி அண்ணனின் கை நின்றுவிட்டது. "ரப்பரா?" என்றார். "நான் பால்வெட்டுகாரனாக்கும். இவ ரப்பர் பாலு நனைஞ்ச சட்டைய எத்தன வருசமா அலக்குதா."

"அது இல்லண்ணே. தேய்ப்புத் தூள். மூச்சில போறது வேற."

ரோஸ்லெட் மீனைச் சட்டியில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"உனக்கு இது எப்பம் தெரியும்?"

"போன மாசம். உனக்கு ஆபரேஷன் ஆன மறுநாள்."

"அதுக்கு முன்ன?"

நான் சீட்டை முக்காலி பக்கத்தில் வைத்தேன்.

"ஆஸ்பத்திரில அந்த நர்சுபிள்ள எங்கிட்ட அலர்ஜி உண்டான்னு கேட்டப்பம் நீ எனக்க பக்கத்துல நின்னியே கிளாடி."

"நின்னேன்."

"அப்பம் உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுக்கிட வேண்டாம்னு இருந்தேன்."

அவள் மறுபடி குனிந்து மீனை எடுத்தாள். செதிலைச் சுரண்டத் தொடங்கினாள். சிகாமணி அண்ணன் எழுந்து வாசல் கதவருகே போய் நின்றார். நான் போகவேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

அக்டோபர் 13, திங்கள்

பிரைட்சன் சாருக்கும் சொல்லியாயிற்று. ஜெர்மனிக்கு நானே எழுதிவிட்டேன் என்றும் சொன்னேன். தேய்ப்பு எந்திரத்தின் ஸ்விட்சை அவரே போய் அணைத்தார். திரும்பி வந்து, "ரெண்டு வருசம் மேடம்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

அக்டோபர் 15, புதன்

திருவனந்தபுரம். அழைக்காமலே போனேன். ஆபரேஷன் அறைக்கு வெளியே நாற்காலியில் நானும் சிகாமணி அண்ணனும் நடுவில் ஒரு இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். அந்த மயக்க மருந்து டாக்டர் சீட்டைப் படித்ததும் தியேட்டரில் இருந்த எல்லா கையுறைப் பெட்டிகளையும் வெளியே எடுத்துவைக்கச் சொன்னாராம். ஊசி மருந்தின் ரப்பர் மூடியைக்கூட விடவில்லை. அட்டைப்பெட்டிகளை அடுக்கி ஒருவர் வெளியே தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

பகல் முழுவதும் காத்திருந்தோம். டாக்டர் வந்து மலையாளத்தில் சொன்னார். கட்டி எடுத்தாயிற்று, ஒரு குழப்பமும் இல்லை. சிகாமணி அண்ணன் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் எழுந்தேன்.

"நீங்க போவாண்டாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. "அவ உங்களப் பாக்கண்டாம்னு சொல்லுதா."

"இன்னைக்கா?"

"அது சொல்லல்ல."

பஸ்ஸில் எல்லையில் உள்ள களியக்காவிளை வரை நின்றுகொண்டே வந்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

ஆர்டர் ரத்து. ஜெர்மனிக்காரி மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். நேர்மைக்கு நன்றி என்று ஒரு வரி. அந்த வரியைப் படிக்கக் கூசியது.

கொட்டகையில் எல்லாரையும் உட்காரவைத்து நானே விளக்கினேன். டாக்டர் சுலைகா இலவசமாகச் சோதித்துப் பார்ப்பார், எல்லாரும் வரவேண்டும் என்றேன்.  அச்சு ஊற்றுகிற ஜெபமலர் மட்டும் எழுந்தாள்.

"மேடம், உங்களுக்குச் சொறிஞ்சா நீங்க சொறிஞ்சுக்கிட்டு இருந்திருக்கலாமே. எங்களுக்க வேலையையும் சேத்தா சொறியணும்?"

யாரோ சிரித்தார்கள். பிறகு பலரும் அழுதார்கள்.

அக்டோபர் 20, திங்கள்

ஊரில் தீபாவளி வெடிச்சத்தம். பிரைட்சன் சார் கொட்டகையைப் பூட்டிவிட்டு வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாராம். மீதமிருந்த ஷீட்டை எல்லாம் தோட்டத்திலேயே குழிதோண்டிப் போட்டுவிட்டார்.

அக்டோபர் 28, செவ்வாய்

சோதனைக்கு வந்தது பாதிப்பேர்கூட இல்லை. வந்தவர்களில் அபிஷா உட்பட மூன்று பேருக்கு ரப்பர் ஆகாது. ரத்தம் கொடுத்ததோடு சரி, அபிஷா முடிவு கேட்க வரவில்லை. போன் எடுப்பதில்லை. வேலை போன பிறகு அவள் மாமியார் வெளியே விடுவதில்லை என்று ஜெபமலர் சொன்னாள். இப்போது ஜெபமலர்தான் என்னிடம் பேசுகிற ஒரே ஆள். திட்டுவதற்காவது கூப்பிடுகிறாள்.

நவம்பர் 3, திங்கள்

காலையில் ஆர்டிஓ அலுவலகத்தில் எட்வினின் லைசென்ஸ் வேலை. அது முடிந்ததும் அவரைப் பள்ளியில் இறக்கிவிட்டு நான் மட்டும் அபிஷா வீட்டுக்குப் போனேன். ரப்பர் தோட்டத்து நடுவில் தனி வீடு. மழை ஊற்றியது. இரும்புக் கேட் உள்ளே பூட்டியிருந்தது. மாமியார் குடை பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள், அதற்கு மேல் வரவில்லை.

"வேலையத் தொலச்சது போதாதா? இப்பம் வயித்துல கெடக்குத பிள்ளைக்கும் குத்தம் சொல்ல வந்தியளாக்கும்? போவணும் இங்கயிருந்து."

"ஒரு நிமிஷம் கேட்டுட்டுப் போயிடுறேன்மா."

"ஒண்ணும் கேக்கண்டாம்."

அவள் திரும்பினாள். ஒரு ஜன்னல் பாதி திறந்திருந்தது. உள்ளே அபிஷா இருக்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை. நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவளுக்கு ரப்பர் ஆகாது என்று கத்தினேன். சோதனையில் வந்துவிட்டது. பிரசவத்துக்குப் போனால் உள்ளே நுழையும்போதே சொல்லவேண்டும். ரப்பர் இல்லாத கையுறை. டாக்டரிடம் சொல்லவேண்டும், நர்சிடம் சொல்லவேண்டும், யார் தொட வந்தாலும் சொல்லவேண்டும். மழைச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டுமென்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மூச்சு விசிலடித்தது. பக்கத்துத் தோட்டத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்த ரெண்டு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜன்னல் முழுதும் திறந்தது. அபிஷா வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ரப்பர் இல்லாத கையுறை. உள்ள போம்பமே சொல்லணும். அதானே மேடம்?"

"அதான். மறக்கக் கூடாது."

"எனக்குப் பேச்சு வராம ஆயிட்டா?"

கேட்டுவிட்டு அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "மாமி, நீங்களும் கேட்டுக்கிடுங்க. அப்பம் நீங்கதான் சொல்லணும்."

 மாமியார் என்னை ஒருமுறை முறைத்தாள். குடையை மடக்கி உதறினாள். "ரப்பர் இல்லாத கையுறை, ரப்பர் இல்லாத கையுறை" என்று கோபமாக முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.